அண்ணன் சட்டை தம்பிக்கு ஏன் போகவில்லை?

மதுரை மாநகரிலும் திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி வட்டாரங்களிலும் உள்ள பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும் ஒரு மடல்.

மே மாதம் பாதி தாண்டிவிட்டால் விளக்குத்தூண் பக்கம் கால் வைக்க இடம் இருக்காது. பத்துத்தூண் சந்தில் துணிக்கட்டுகள் இறங்கிக்கொண்டிருக்கும். ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் பள்ளி கொடுத்த பட்டியலுமாகத் தாய்மார்கள் கடை கடையாக ஏறி இறங்குவார்கள். அன்றாடத்துக்கு இரண்டு செட், வாரத்தில் ஒரு நாளைக்கு வெள்ளைச் செட், விளையாட்டு வகுப்புக்கு ஹவுஸ் நிறத்தில் பனியன், பெல்ட், டை, சாக்ஸ், கறுப்பு ஷூ, வெள்ளைக் கேன்வாஸ் என்று பட்டியல் நீளும். வீட்டு பீரோவிலோ மூத்தவனின் சட்டைகள் நாலு மடிப்புக் கலையாமல் இருக்கின்றன. காலர் தேயவில்லை, பட்டன் உதிரவில்லை. ஆனாலும் இளையவனுக்கு ஆகாது. போன வருஷம் பள்ளி, சட்டைப் பையில் பொறிக்கும் சின்னத்தை மாற்றிவிட்டது. கட்டம் போட்ட துணியில் கட்டமும் கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

இந்த மடல் அந்த நாலு சட்டையைப் பற்றியது.

இயற்கைக்கு உகந்த பள்ளிப் பொருள் என்று இணையத்தில் தேடினால் வேறொரு சந்தை திறக்கும். முனையில் விதை வைத்த பென்சில், செய்தித்தாளைச் சுருட்டிச் செய்த பென்சில், மூங்கில் ஸ்கேல், ஆர்கானிக் பருத்திச் சட்டை எல்லாம் கிடைக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. விலையைப் பார்த்ததும் பெரும்பாலான பெற்றோர் செல்போனைக் கீழே வைத்துவிடுவார்கள். சாதாரண மரப் பென்சிலே மண்ணோடு மக்கக்கூடியதுதான் என்பதை அந்தச் சந்தை சொல்லாது. இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கும் ஒரு குடும்பம், நல்லதெல்லாம் காசு உள்ளவர்களுக்கு என்று முடிவு கட்டிவிடுவதில் வியப்பில்லை.

இதே பேச்சு நூறு வருஷத்துக்கு முன்னால், மதுரைக்கு வந்த ஒரு ரயிலில் நடந்திருக்கிறது. 1921 செப்டம்பரில் சென்னையிலிருந்து மதுரைக்கு வந்த காந்தி, பெட்டியில் இருந்தவர்கள் அந்நியத் துணி உடுத்தியிருப்பதைப் பார்த்து, ஏன் கதர் உடுத்தவில்லை என்று கேட்டார். கதர் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகாது, நாங்கள் ஏழைகள் என்றார்கள். அவர்கள் பேச்சில் இருந்த நியாயம் அவரை உறுத்தியது. அவரோ அப்போது முழு வேட்டி, மேலாடை, தொப்பி சகிதம் இருந்தார். செப்டம்பர் 22ஆம் தேதி, மேலமாசி வீதி வீட்டு மாடியில், முழங்காலுக்கு மேல் நிற்கும் அரையாடைக்கு மாறினார். கதரின் விலையைக் குறைப்பது அவர் கையில் இல்லை; உடுத்தும் அளவைக் குறைப்பது இருந்தது. அந்தக் கட்டடத்தில் இன்றைக்கும் கதர்க் கடை நடக்கிறது.

பிள்ளைகளை அரையாடையோடு பள்ளிக்கு அனுப்புங்கள் என்று யாரும் சொல்லப் போவதில்லை. பட்டியலில் எத்தனை உருப்படி வேண்டாதது என்று கேட்பதற்கு மதுரையில் ஒரு முன்னோடி உண்டு, அவ்வளவுதான்.

ஒரு பருத்திப் பனியன் உருவாக, செடி வளர்ப்பது முதல் துணியாவது வரை, சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பது உலகெங்கும் எடுத்தாளப்படும் மதிப்பீடு. குழாயடியில் குடம் வைத்துக் காத்திருக்கும் ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 15 லிட்டர் பிடிக்கும் குடத்தில் அது 180 குடம். சாயம் ஏற்றுவதன் விலை தனி. சாயக் கழிவால் நொய்யல் ஆறு கெட்டது போதும் என்று 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் வட்டாரச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது ஒரு தொழில் நகரமே ஆடிப்போனது. ஆகவே ஒரு சட்டையை இன்னும் ஒரு வருஷம் உடுத்தினால் மிஞ்சுவது துணிக்கடைக் காசு மட்டும் இல்லை. ஆர்கானிக் முத்திரை குத்திய புதுச் சட்டைக்கும் தண்ணீர் வேண்டும். பீரோவில் கிடக்கும் சட்டைக்குத் துவைக்கும் தண்ணீர் போதும்.

சட்டையின் ஆயுளைக் கூட்டும் வித்தை இந்த ஊர்த் தையல்காரர்களுக்கு அத்துப்படி. திருமலை நாயக்கர் கட்டிய புது மண்டபத்துத் தூண்களுக்கு நடுவே தலைமுறை தலைமுறையாகத் தையல் மிஷின் ஓட்டியவர்கள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறியிருக்கிறார்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் வேஷம் கட்டுகிறவர்களின் உடுப்பு தைத்த கைகள் அவை. “வளர்ற பிள்ளைண்ணே, கொஞ்சம் தாராளமா விட்டுத் தைங்க” என்று சொன்னால் போதும், என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். தொளதொளவென்று தைத்தால் அது கெட்ட தையல். கால்சட்டையின் கீழே மூன்று விரற்கடை உள்மடிப்பு, பக்கத் தையலில் ஒரு அங்குலம் உள்துணி, இடுப்பின் பின்பக்கம் பிரித்துவிடத் தக்க தையல், பாவாடைக்கு இரண்டு டக் என்று விட்டுத் தைப்பார்கள். பிள்ளை வளர வளர ஒவ்வொரு வருஷமும் ஒரு டக்கைப் பிரித்தால் பாவாடை மூன்று ஜூன் மாதங்களைப் பார்த்துவிடும்.

கடையில் தொங்கும் ரெடிமேட் சீருடை ஒன்றை உள்ளே புரட்டிப் பார்த்தால் வித்தியாசம் புரியும். ஓரத்தை ஒட்ட வெட்டி ஓவர்லாக் அடித்திருப்பார்கள். பிரித்துவிட அதில் அரை அங்குலம்கூட இருக்காது. ஆலையில் துணி மிச்சம் பிடிப்பது அவர்களுக்கு லாபம். அடுத்த வருஷம் புதிதாக வாங்குவது பெற்றோருக்குச் செலவு.

டக் பிரித்த பாவாடையில் ஒரு சங்கடம் உண்டு. மடிப்புக்குள் வெயில் படாமல் இருந்த துணி, பிரித்ததும் அழுத்தமான கோடாகத் தெரியும். அந்தக் கோட்டை எண்ணியே இவள் எத்தனையாவது வருஷமாக இதை உடுத்துகிறாள் என்று வகுப்பு கண்டுபிடித்துவிடும். மற்ற பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கும்போது பத்து வயதுப் பெண்ணுக்கு உண்டாகும் கூச்சத்தைத் தண்ணீர்க் கணக்குச் சொல்லிப் போக்க முடியாது. இங்கேதான் பெற்றோர் தனியாக நின்று ஜெயிக்க முடியாத கட்டம் வருகிறது. வகுப்பில் பாதிப் பேர் பாவாடையில் கோடு இருந்தால் கோடு கண்ணில் படாது. அதற்குப் பள்ளியும் கழகமும் சேர்ந்து முயல வேண்டும்.

சீருடை வந்ததே அந்தக் கூச்சத்தைத் துடைக்கத்தான். 1985இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்கு விலையில்லாச் சீருடை வரத் தொடங்கியது. அன்று ஆண்டுக்கு ஒரு செட். 2012-13 முதல் எட்டாம் வகுப்பு வரை நான்கு செட். கூட்டுறவுச் சங்கங்களின் தறிகளில் துணி நெய்யப்பட்டு, மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களில் சீருடையாகிறது. நான்கு செட் கிடைக்கும் பிள்ளைகளின் வீட்டில் ஆண்டு முடிவில் நல்ல நிலையில் ஒன்றிரண்டு மிஞ்சுவதுண்டு. 2018ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரசுப் பள்ளிச் சீருடைகளின் நிறம் மாறியபோது அப்படி மிஞ்சியதெல்லாம் ஒரே நாளில் பழந்துணியாயிற்று. சட்டை கைமாறும் சங்கிலியை அறுக்க நிறத்தை மாற்றினாலே போதும். தனியார் பள்ளியில் அந்த வேலையைச் சின்னம் செய்கிறது.

துணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடையில் கிடைக்கும் சீருடைத் துணி பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்த டெரிகாட்டன். மதுரை வெயில் நாற்பது டிகிரியைத் தொடும் நாளில் அந்தத் துணிக்குள் பிள்ளை என்ன பாடுபடும் என்பது மாலையில் சட்டையைக் கழற்றும்போது தெரியும். பாலியஸ்டர் வியர்வையை உறிஞ்சாது. துவைக்கும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இழைத் துகள்களைச் சாக்கடைக்கு அனுப்பும். ஆனால் தூய பருத்தி சீக்கிரம் வெளுக்கும், தினம் இஸ்திரி கேட்கும். ஒரு கலப்புத் துணிச் சட்டை அண்ணன் தம்பி இருவருக்கும் உழைத்தால், ஒரே வருஷத்தில் நைந்துபோகும் மெல்லிய பருத்தியைவிட அதுவே மேல். பருத்திப் பங்கு கூடுதலான கெட்டித் துணியாகப் பார்த்து எடுத்தால் இரண்டு குணமும் சேரும். துணியின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் கலப்பு விவரத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

அடுத்தது பிளாஸ்டிக். இந்த விஷயத்தில் மதுரைக்கு ஒரு பெருமை உண்டு. தியாகராசர் பொறியியல் கல்லூரி வேதியியல் பேராசிரியர் ஆர்.வாசுதேவன், கழிவு பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின் மேல் பூசித் தார் கலந்து சாலை போடும் முறையைக் கண்டுபிடித்தார். கல்லூரி வளாகத்திலேயே 2002இல் அப்படி ஒரு சாலை போடப்பட்டது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பால் பாக்கெட், பிஸ்கட் உறை, தெர்மாகோல் என்று குப்பையில் போகும் பலவற்றையும் அந்தச் சாலை வாங்கிக்கொள்ளும். ஒன்றை மட்டும் வாங்காது. அது பி.வி.சி. சூடேறினால் நச்சு வாயு விடுவதால் சாலைக் கலவையில் அதைச் சேர்க்கக் கூடாது என்பது விதி.

சாலையே வேண்டாமென்று தள்ளும் அந்தப் பொருள் பள்ளிப் பட்டியலில் எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்த்தால் திகைப்பாக இருக்கும். ரெக்சின் பை, ஒளி ஊடுருவும் பென்சில் பை, மலிவு மழைக்கோட்டு, வார்ப்பில் ஊற்றிச் செய்த ஷூ எல்லாம் பெரும்பாலும் அதன் குடும்பம்தான். புதிதாகப் பிரிக்கும்போது மூக்கைத் துளைக்கும் நெடி அடித்தால் சந்தேகப்படலாம். பி.வி.சி.யை வளையச் செய்யச் சேர்க்கும் தாலேட் வகை ரசாயனங்கள் சிலவற்றைக் குழந்தைப் பொம்மைகளிலும் பராமரிப்புப் பொருள்களிலும் கட்டுப்படுத்தி ஐரோப்பிய ஒன்றியம் 2005இலேயே நிரந்தரச் சட்டம் போட்டது. கடிக்கும் பொம்மைக்கு அங்கே இத்தனை கெடுபிடி. வகுப்பில் யோசித்துக்கொண்டே பென்சில் பையின் ஓரத்தைக் கடிக்கும் பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு அதன் காரணம் விளங்கும்.

மாற்று ஒன்றும் விலை உயர்ந்ததில்லை. பென்சில் வைக்கப் பழைய ஜீன்ஸ் காலில் வெட்டித் தைத்த சுருக்குப்பை போதும். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில், சோற்றுக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். நெளிந்தாலும் உடையாது, கடைசியில் பாத்திரக் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். புத்தகப் பை மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டிய உருப்படி. கெட்டியான கேன்வாஸ் பை முதல் தரம். அது கிடைக்காவிட்டால் உறுதியாகத் தைத்த நைலான் பை ஒன்றை நாலு வருஷம் ஓட்டுவது, கார்ட்டூன் படம் போட்ட மலிவுப் பையை ஆண்டுதோறும் மாற்றுவதைவிட எல்லா வகையிலும் சிக்கனம். பை சாவது பெரும்பாலும் ஜிப் கெட்டுத்தான். ரன்னரை மாற்றிக் கொடுக்கத் தெருவோரத்தில் ஆள் இருக்கிறார். கேட்கும் கூலி, புதுப் பையின் விலையில் சிறு பங்கு.

மஞ்சப்பையை மறந்துவிட முடியாது. ஜவுளிக்கடையும் கல்யாண வீடும் கொடுத்த மஞ்சப்பையில் சிலேட்டும் புத்தகமும் திணித்துப் பள்ளிக்குப் போன தலைமுறைதான் இன்று தாத்தா பாட்டிகள். பிறகு அதுவே பட்டிக்காட்டான் அடையாளமாகிக் கேலிக்கு ஆளாயிற்று. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கியது. மதுரையிலேயே ‘எல்லோ பேக்’ என்ற அமைப்பு பெண்களைக் கொண்டு பருத்திப் பைகள் தைத்து விற்கிறது. டிபன் பாக்ஸுக்கும் விளையாட்டு உடைக்கும் தனித் தனியாகப் பை கேட்கும் பள்ளிகள் மஞ்சப்பை போதும் என்று ஒரு வரி எழுதினால், ஒவ்வொரு வீட்டிலும் ஒரு செலவு குறையும்.

நோட்டுக்கு வருவோம். அதில்தான் யாரும் பார்க்காத கணக்கு இருக்கிறது.

192 பக்க நோட்டு என்றால் 96 தாள். வழக்கமான அளவில் ஒரு தாள் ஏறத்தாழ இரண்டரை கிராம். அட்டையை விட்டுவிட்டாலும் ஒரு நோட்டு கால் கிலோவை நெருங்கும். ஒன்றிய அரசின் 2020ஆம் ஆண்டுப் பள்ளிப்பை கொள்கை, பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. 25 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு இரண்டரை கிலோ. பத்து தடி நோட்டைப் பையில் வைத்தாலே அளவு முடிந்துவிட்டது. பாடநூலும் சோறும் தண்ணீரும் அதன் மேல். தமிழ்நாட்டில் 2012-13இல் பாடநூலை மூன்று பருவமாகப் பிரித்து எடையைக் குறைத்தார்கள். நோட்டை யாரும் பிரிக்கவில்லை. பக்கக் கணக்கில் தடி நோட்டு மலிவு என்பது உண்மை, ஆனால் அந்த மலிவு கடைசிப் பக்கம் வரை எழுதினால்தான். ஏப்ரலில் பத்து நோட்டையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் எழுதாத தாள் 25 இருந்தால் மொத்தம் 250. இரண்டரை நோட்டுக்கான காகிதம் பழைய பேப்பர்க் கடைக்குப் போகிறது. முன்பெல்லாம் கோடை விடுமுறையில் வெற்றுத் தாள்களைக் கிழித்து அடுக்கி, கோணூசியால் தைத்து, காலண்டர் அட்டை ஒட்டி ரஃப் நோட்டு செய்வது வீட்டுக்கு வீடு நடந்த வேலை. அதை ஏற்றுக்கொள்ளும் ஆசிரியர் இருந்தால் பிள்ளைகள் இன்றும் செய்வார்கள்.

புது நோட்டுதான் வேண்டுமென்றால் தாள் எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு அரசின் செய்தித்தாள் காகித நிறுவனம், டி.என்.பி.எல்., கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளாகக் கொண்டு காகிதம் செய்கிறது. சாறு பிழிந்த பின் சர்க்கரை ஆலைகளில் கொதிகலனுக்குள் போகும் சக்கை அது. ஆலைகளுக்கு வேறு எரிபொருளுக்கும் நீராவிக்கும் வழிசெய்து கொடுத்துவிட்டுச் சக்கையை வாங்குகிறார்கள். அந்தத் தாளில் செய்த நோட்டு, விதைப் பென்சிலைப்போல அரிய பொருளில்லை. நோட்டுத் தொழில் செழித்த சிவகாசி, மதுரையிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். ஒரு பள்ளியின் பெற்றோர் கழகம் சேர்ந்து மொத்தமாக நோட்டு எடுத்தால், தாளின் பெயரைச் சொல்லிக் கேட்கவும், 96 பக்கத்தில் கேட்கவும், பள்ளிப் பெயர் அச்சிடாத அட்டையில் கேட்கவும் முடியும். அந்தக் கடைசி வேண்டுகோளும் முக்கியம். பெயர் அச்சிட்ட நோட்டு மிஞ்சினால் வேறு யாருக்கும் கொடுக்க முடியாது.

அச்சிட்ட பெயரும் படமும் பொருளின் ஆயுளை எப்படிக் குறைக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டு அரசியலிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. 2021இல் ஆட்சி மாறியபோது, முந்தைய முதலமைச்சர்கள் ஜெயலலிதா, எடப்பாடி பழனிசாமி படங்கள் அச்சிட்ட பள்ளிப் பைகள் ஏறக்குறைய 65 லட்சம் தயாராக இருந்தன. புதுப் படம் போட்டுப் புதுப் பை தைப்பதே வழக்கமான பாதை. பைகளை அப்படியே கொடுங்கள் என்று முதலமைச்சர் ஸ்டாலின் சொன்னார். மிச்சமாகும் 13 கோடி ரூபாயை மாணவர்களுக்கே செலவிடலாம் என்று சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவரின் படத்தையே ஓர் அரசு சுமக்க முடியுமென்றால், பழைய சின்னம் உள்ள சட்டையை ஒரு பள்ளி இரண்டு வருஷம் பொறுத்துக்கொள்ளலாம்.

இங்கிலாந்தில் இதற்குச் சட்டமே போட்டுவிட்டார்கள். 2021இல் வந்த சீருடைச் செலவுச் சட்டமும் அதையொட்டிய வழிகாட்டுதலும் பள்ளிகளிடம் கேட்பது இவைதான்: சின்னம் பொறித்த உருப்படிகளை மிகக் குறைவாக வையுங்கள், ஒரே கடையோடு ஒப்பந்தம் போட்டுப் பெற்றோரைக் கட்டாதீர்கள், முன்பு உடுத்திய சீருடை கிடைக்கும் ஏற்பாட்டைப் பெற்றோருக்குத் தெரிவியுங்கள். பணக்கார நாட்டில் பழைய சீருடை வாங்குவது அரசு வழிகாட்டுதலில் இடம்பெறுகிறது. நம் ஊரில் அதைக் கேட்க நாக்கூசுகிறது. இங்கேயும் கேட்க அடிப்படை உண்டு. சீருடையையும் எழுதுபொருளையும் குறிப்பிட்ட இடத்தில்தான் வாங்க வேண்டுமென்று பெற்றோரைக் கட்டாயப்படுத்தாதீர்கள் என்று தன் பள்ளிகளுக்கு சி.பி.எஸ்.இ. 2017 ஏப்ரலில் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது.

ஆகவே கழகத்தாரிடம் வைக்கும் கோரிக்கை பெரியதில்லை. சின்னத்தைச் சட்டையில் பொறிப்பதற்குப் பதிலாகத் தைத்து ஒட்டும் துண்டுத் துணியாகக் கொடுக்கச் சொல்லிப் பள்ளியிடம் கேளுங்கள். சட்டையை எந்தக் கடையிலும் எடுக்கலாம், பழையதிலும் ஒட்டலாம். நிறமும் கட்டமும் மாற்ற வேண்டுமானால் மூன்று வருஷம் முன்னதாகச் சொல்லச் சொல்லுங்கள். ஷூவுக்குப் பதில் செருப்பு போட அனுமதி கேட்பதும் இந்த வெயிலுக்கு நியாயமான கோரிக்கைதான். வளரும் கால் ஷூவைத் தேய்ப்பதற்கு முன்பே தாண்டிவிடும். வாரைத் தளர்த்தினால் செருப்பு கொஞ்ச நாள் கூட வரும்.

ஆண்டுத் தேர்வு முடியும் வாரத்தில் பள்ளி வராந்தாவில் இரண்டு மேசை போட்டால் போதும். பெற்றோர் சின்னதாகிப்போன சீருடையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, வயதும் அளவும் எழுதிய சீட்டைக் குண்டூசியால் குத்திக் கொண்டு வரட்டும். கொடுப்பவர் பெயரும் எடுப்பவர் பெயரும் எழுத வேண்டாம். எழுதினால் யாரும் வரமாட்டார்கள். தலைமையாசிரியர், கழகத் தலைவர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அங்கிருந்தே ஒரு சட்டை எடுத்தால் மற்றவர்களுக்குத் தயக்கம் போய்விடும். கொண்டு வந்ததில் கிழிசல் இருந்தால் ஒதுக்கி வையுங்கள். ஒட்டுப் போடவும் காஜா எடுக்கவும் டக் பிரிக்கவும் ஒரு தையல்காரரைப் பிறகொரு நாள் மிஷினோடு வராந்தாவில் உட்காரச் சொல்லி, கூலியைக் கழகக் கணக்கில் கொடுத்துவிடலாம். அழகர் ஆற்றில் இறங்கித் திரும்பிய பிறகு ஜூன் கூட்டம் சேரும் வரை குன்னத்தூர் சத்திரத்துத் தையல்காரர்களுக்கு மூச்சுவிடக் கொஞ்சம் நேரம் இருக்கும். அப்போதே போய்ச் சொல்லி வைத்துவிடுங்கள். மே கடைசியில் போனால் ஆள் கிடைக்கமாட்டார்.